சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம்: 1941 கிள்ளானும் இன்றைய டெலிவரி மோட்டாரும்

போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே இருக்கும் ஒருவரைப் பேட்டி எடுக்க வேண்டும். கீழே வர இருபது நிமிடம் ஆகும் என்று அவர் செய்தி அனுப்பிவிட்டார். பத்திரிகைக்காரனுக்குக் காத்திருப்பதும் சம்பளத்தில் சேர்த்திதான். பராக்குப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது ஒரு டெலிவரி தம்பி மோட்டாரில் வந்தான். பையில் வாழையிலைச் சாப்பாடு போலிருக்கிறது, ரச வாசனை எனக்கே பசியைக் கிளப்பியது. ஜாகா கையை நீட்டி நிறுத்தினார்.

"மோட்டார வெளிய போடு. ஐசி குடு. நடந்து போ. பின்னால இருக்கிற லிப்டுதான் ஒனக்கு."

"அண்ணே, மழ வருதுண்ணே. லாபி வரைக்கும் ஓட்டிட்டுப் போயிடுறேன்."

"எனக்கென்னப்பா, மேனேஜ்மென்ட் ரூலு."

இந்தப் பேச்சு நடக்கும்போதே பின்னால் ஒரு வெள்ளைக் கார் வந்தது. தடுப்புக் கம்பி தானாக உயர்ந்தது. ஜாகா விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். அந்தக் காரை யார் ஓட்டினார், அங்கே குடியிருப்பவரா, வந்துபோகிறவரா, எதுவும் கேட்கவில்லை. தம்பி மோட்டாரை வெளியே நிறுத்திவிட்டு, சாப்பாட்டுப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தூறலில் ஓடினான்.

எனக்கு 1941 ஞாபகம் வந்தது. வீட்டில் இதைச் சொன்னால், "ஒனக்கு எதப் பாத்தாலும் என்னமாச்சும் ஞாபகம் வரும், கரண்டு பில்லு மட்டும் வராது" என்பார் அம்மா. தமிழ் படித்தவனைப் பெற்ற தாயின் நியாயமான கோபம் அது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஏனென்றால் 1941இல் நடந்ததும் இதே வாசல் பிரச்சினைதான், நம் கிள்ளானில்.

பன்னிரண்டு கோரிக்கைகளில் ஒரு சைக்கிள்

அந்த ஆண்டின் தொடக்க மாதங்களில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டும் தமிழர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஐரோப்பாவில் போர் நடந்துகொண்டிருந்தது. ரப்பருக்கு நல்ல கிராக்கி. தோட்ட முதலாளிகள் கையில் பணம் புரண்டது. தோட்டத்தில் ஓர் ஆண் தொழிலாளியின் நாள் கூலி ஐம்பது காசு அளவில் நின்றது. அதே வேலைக்குச் சீனத் தொழிலாளர்கள் கணிசமாகக் கூடுதலாக வாங்கினார்கள்.

தொழிலாளர்களைத் திரட்டியது கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம். அதன் முகமாக இருந்தவர் ஆர்.எச். நாதன். அவர் யார் தெரியுமா? தோட்டத் தொழிலாளி அல்லர், பத்திரிகைக்காரர். 1924இல் தொடங்கி 2019இல் மூடப்பட்ட தமிழ் நேசன் நாளிதழில் துணையாசிரியராக இருந்தவர். எங்கள் தொழிலில் ஒருவர் இவ்வளவு பெரிய காரியம் செய்திருக்கிறார் என்று நினைக்கும்போது பெருமையாக இருக்கிறது. நான் இதுவரை திரட்டியதெல்லாம் மதியச் சாப்பாட்டுக்கு ஆள்தான்.

சங்கம் வைத்த கோரிக்கைகள் பன்னிரண்டு. சீனத் தொழிலாளர்களுக்குச் சமமான கூலி வேண்டும். பத்து, பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிய வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான பள்ளி வேண்டும். நல்ல மருத்துவ வசதி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்த வேண்டும். கொடுமை செய்யும் கிராணிகளை மாற்ற வேண்டும். உறவினரும் நண்பர்களும் தோட்டத்துக்குள் தடையில்லாமல் வந்துபோக வேண்டும். பேசவும் கூடவும் உரிமை வேண்டும். தங்களுக்கென ஒரு சங்கம் வேண்டும். குறை சொன்னவனைப் பழிவாங்கக் கூடாது.

எண்ணிப் பாருங்கள், பதினொன்றுதான் வரும். மிச்சம் ஒன்று இது: துரையோ கிராணியோ எதிரில் வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கத் தேவையில்லை.

முதன்முதலில் இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. கூலி, பள்ளி, மருந்து, பெண்களின் மானம். இவ்வளவு பெரிய விஷயங்களுக்கு நடுவில் சைக்கிள் எதற்கு? பிறகு யோசித்தேன். கூலி மாதத்துக்கு ஒருமுறை கைக்கு வருகிறது. மருத்துவமனை நோய் வந்தால்தான். ஆனால் சைக்கிளை விட்டு இறங்குவது நாள்தோறும் நடப்பது. பெரட்டுக்குப் போகும்போது, கடைக்குப் போகும்போது, கோயிலுக்குப் போகும்போது, பின்னால் மனைவி பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது. அப்பன் இறங்கித் தலைகுனிந்து நிற்பதைப் பிள்ளை பார்க்கிறது. அந்தப் பிள்ளைக்கு வேறு பாடப்புத்தகம் தேவையில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். கோரிக்கை வெள்ளைக்காரத் துரையோடு நிற்கவில்லை, கிராணியையும் சேர்த்துத்தான் சொன்னார்கள். கிராணி நம் நிறம்தான், பாதிப் பேர் நம் மொழிதான். அவருக்கு முன்னாலும் இறங்க மாட்டோம் என்றார்கள். இது எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. வெள்ளைக்காரனைத் திட்டுவது இன்றைக்குச் சுலபம், அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். நம் ஆளிடம் "நானும் மனுஷன்தான்" என்று சொல்வதுதான் கஷ்டம்.

துப்பாக்கியும் சைக்கிள் படையும்

கூலியில் கொஞ்சம் உயர்வு கிடைத்தது. ஆனால் மே மாதத் தொடக்கத்தில் நாதனைக் கைது செய்தார்கள். அவரை விடுதலை செய்யச் சொல்லி வேலைநிறுத்தம் மறுபடியும் பரவியது, கிள்ளானைத் தாண்டியும் போனது. மே 16ஆம் தேதி சிலாங்கூரில் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. இந்தியாவிலிருந்து வந்திருந்த படைவீரர்களை இறக்கினார்கள். இந்தியத் தொழிலாளிக்கு எதிராக இந்தியச் சிப்பாய். ஏற்பாடு செய்தவருக்கு அதில் ஒரு சிக்கனம் தெரிந்திருக்கும். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

அதே ஆண்டு டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. அடுத்த மாதம் 11ஆம் தேதி கோலாலம்பூர் அவர்கள் கையில். மலாயா முழுவதையும் அவர்கள் பெரும்பாலும் எதில் ஓட்டிக்கொண்டு வந்தார்கள் என்றால், சைக்கிளில்! தன் முன்னால் சைக்கிளில் யாரும் உட்காரக் கூடாது என்றிருந்த துரைமார்கள், சைக்கிளில் வந்த படையைப் பார்த்துத் தோட்டத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள். சரித்திரத்துக்கு நகைச்சுவை உணர்வு உண்டு. ஆனால் அந்தச் சிரிப்பு நமக்கு நிலைக்கவில்லை. அதே தோட்டங்களிலிருந்து நம் ஆட்களைச் சயாம் ரயில் பாதைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். திரும்பி வராதவர்கள் ஆயிரம் ஆயிரம்.

சைக்கிள் கோரிக்கை வென்றதா? சட்டப்படி இன்றைக்கு யாரும் யாருக்கும் இறங்க வேண்டியதில்லை. ஆனால் என் பாட்டி ஒன்று சொல்வார். தாத்தா எழுபதுகளிலும் கிராணி வீட்டைக் கடக்கும்போது சைக்கிளை விட்டு இறங்கி, உருட்டிக்கொண்டே போய், வளைவு தாண்டியதும்தான் ஏறுவாராம். அந்தக் கிராணி அதைக் கேட்கவே இல்லை. பல நாள் அவர் வீட்டிலேயே இருக்க மாட்டார். பாட்டி கேட்டால், "எறங்கினா என்ன தேஞ்சா போயிடும்?" என்பாராம். விதி போய்விட்டது. கால் மறக்கவில்லை.

இன்றைய கிராணி கைப்பேசிக்குள் இருக்கிறார்

இனி இன்றைக்கு வருவோம். 2025 ஆகஸ்ட் 28ஆம் தேதி நாடாளுமன்ற மக்களவை கிக் தொழிலாளர் மசோதாவை நிறைவேற்றியது. அடுத்த மாதம் மேலவையும் ஒப்புக்கொண்டது. டெலிவரி செய்பவர்கள், இ-ஹெய்லிங் ஓட்டுநர்கள் தொடங்கிப் பன்னிரண்டு லட்சம் பேர் இதில் அடங்குவார்கள் என்பது அரசாங்கத்தின் கணக்கு. அவர்கள் தொழிலாளியா, சொந்தத் தொழில் செய்பவரா என்று பல ஆண்டு இழுத்த கேள்விக்கு, இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் போட்டுக் கொடுத்திருக்கிறது சட்டம். எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும். தகராறு என்றால் போக ஒரு தீர்ப்பாயம் உண்டு. அரசு, நிறுவனம், தொழிலாளர் என்று முத்தரப்பும் உட்கார ஓர் ஆலோசனை மன்றம் உண்டு. விபத்துக்குப் பெர்க்கெசோ பாதுகாப்பு உண்டு.

நல்ல காரியம். நான் எதையும் கிண்டல் செய்பவன்தான், இதைச் செய்ய மாட்டேன். ஆனால் 1941 பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள்.

அன்றைக்குக் காலையில் பெரட்டு. கிராணி பேர் வாசிப்பார். இன்றைக்குச் செயலியைத் திறந்தால் அதுதான் பெரட்டு, வேலை விழுகிறதா இல்லையா என்று செயலிதான் சொல்லும். அன்றைக்கு வேலை நேரம் பத்து, பன்னிரண்டு மணி. இன்றைக்கு "நீங்கள் விரும்பிய நேரத்தில் வேலை செய்யலாம்". ஆனால் மோட்டார் தவணை கட்ட எத்தனை மணி நேரம் ஓட வேண்டும் என்று எந்த டெலிவரி தம்பியிடமாவது கேளுங்கள், பதில் 1941இலிருந்து வருவது போலிருக்கும். அன்றைக்குக் குறை சொன்னவனைத் தோட்டத்தை விட்டு அனுப்பினார்கள். இன்றைக்குக் கணக்கை முடக்கினால் போதும், மூட்டை முடிச்சு கட்டவேண்டிய சிரமமும் இல்லை. அன்றைய கிராணியிடம் குறைந்தது முகத்தைப் பார்த்துக் கெஞ்சலாம். இன்றைய கிராணி கைப்பேசிக்குள் இருக்கிறார். அவருக்கு முகமே கிடையாது.

அதனால்தான் தீர்ப்பாயமும் மன்றமும் முக்கியம். "பழிவாங்கக் கூடாது", "எங்களுக்கென ஓர் அமைப்பு வேண்டும்" என்று கிள்ளானில் கேட்ட இரண்டு கோரிக்கைகள், எண்பத்து நான்கு ஆண்டு கழித்து வேறு உடை போட்டுக்கொண்டு நாடாளுமன்றத்துக்குள் நுழைந்திருக்கின்றன. ஆனால் மன்றத்தில் போடும் நாற்காலியில் யார் உட்காரப் போகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மழையில் ஓட்டியவன் உட்கார வேண்டும். மழையைப் பற்றிக் கட்டுரை எழுதியவன் உட்காரக் கூடாது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நம் பையன்கள் ஏன் மோட்டாரிலேயே இருக்கிறார்கள்?

இதற்குப் பதில் தேட கிள்ளானிலிருந்து தொடங்க வேண்டும். 1886இலேயே கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் புக்கிட் கூடா வரைக்கும் ரயில் ஓடியது. ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக அவசரம். ஈயத்துக்கு இருந்த அவசரம் மனிதனுக்கு இல்லை போலிருக்கிறது. பண்டார் உத்தாமாவிலிருந்து ஷா ஆலம், கிள்ளான் வழியாக ஜொஹான் செத்தியா வரை, 37.8 கிலோமீட்டருக்கு எல்ஆர்டி 3 என்று 2015இல் ஒப்புதல் கொடுத்தார்கள். 2020இல் ஓட வேண்டியது. 2018இல் ஆட்சி மாறியது. 3,165 கோடி வெள்ளியில் நின்ற செலவை 1,663 கோடிக்குக் குறைத்தார்கள், சில நிலையங்களை வெட்டினார்கள். 2024 வரவுசெலவுத் திட்டத்தில் புக்கிட் ராஜா, பண்டார் பொட்டானிக் உட்பட ஐந்து நிலையங்களை மறுபடியும் சேர்த்தார்கள். திறப்பு விழாத் தேதி 2024, 2025 என்று நகர்ந்துகொண்டே இருந்தது. கல்யாணத் தேதி இப்படி நகர்ந்தால் நம் வீட்டில் பெண் கொடுப்பார்களா?

இந்தத் தேதிகள் நகர்ந்த ஆண்டுகளில் கிள்ளான் பையன் என்ன செய்வான்? தாத்தா வேலை செய்த தோட்டம் தாமானாகிவிட்டது. குடும்பம் மலிவுவிலை அடுக்குமாடிக்கு வந்துவிட்டது. வேலை கோலாலம்பூரிலோ பெட்டாலிங் ஜெயாவிலோ இருக்கிறது. ஐம்பது வெள்ளிக்கு மாதம் முழுக்கப் போகலாம் என்ற மை50 அட்டை எல்ஆர்டிக்கும் எம்ஆர்டிக்கும் ரேபிட் பேருந்துக்கும் செல்லும். கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு நேராகப் போகிற கொமுட்டர் ரயில் அந்த அட்டைக்குள் வராது. அவனுக்கு மிஞ்சுவது ஒரு கப்சாய் மோட்டாரும் பெடரல் நெடுஞ்சாலையின் மோட்டார் தடமும்தான். உலகத்திலேயே மோட்டாருக்கென்று தனித்தடம் முதலில் போட்டது அந்தச் சாலையில்தான், எழுபதுகளில். பெருமைப்படலாம். மழை நாளில் அந்தத் தடத்தின் சுரங்கப்பாதைக்குள் ஒருமுறை போய்விட்டு வந்து பெருமைப்பட்டால் இன்னும் நல்லது.

நம் நாட்டுச் சாலைகளில் இறப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் மோட்டாரில் போனவர்கள். என்னோடு இடைநிலைப்பள்ளியில் படித்தவர்களில் இரண்டு பேர் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். ஒருவன் வேலைக்குப் போகும்போது. இன்னொருவன் வேலை முடிந்து திரும்பும்போது. இதை எழுதும்போது எனக்குக் கிண்டல் வரவில்லை.

ஆகவே "நம்ம பசங்க மோட்டார விட்டு எறங்கவே மாட்டானுங்க" என்று கூட்டங்களில் அறிவுரை சொல்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இறங்கி ஏறுவதற்கு முதலில் ஒரு ரயிலைக் கொண்டுவாருங்கள். பிறகு பேசுவோம்.

நம் சொந்தக் கிராணித்தனம்

நம் கூட்டங்கள் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எந்த நிகழ்ச்சிக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். அழைப்பிதழில் மாலை ஏழு மணி. வாய்பி வருவது எட்டரைக்கு. அதுவரைக்கும் பிள்ளைகள் பரதநாட்டிய உடையில் வியர்த்துக்கொண்டு நிற்கும். வாய்பி நுழைந்ததும் எல்லாரும் எழுந்து நிற்போம். மாலை, பொன்னாடை, மறுபடியும் மாலை. பிறகு அவர் நேரம் தவறாமையைப் பற்றிப் பேசுவார். யாரும் நம்மை எழுந்து நிற்கச் சொல்லவில்லை. என் தாத்தாவின் கால் மாதிரி, தானாக எழுந்துவிடுகிறது.

அடுக்குமாடி வாசலும் அப்படித்தான். குடியிருப்பவர்களுக்குப் பயம் இருக்கலாம், அதை நான் குறைசொல்லவில்லை. திருட்டு உண்டு, ஓடி விளையாடும் பிள்ளைகள் உண்டு. பதிவு எடுங்கள், ஐசி பாருங்கள், உள்ளே மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். ஆனால் பாதுகாப்புதான் காரணம் என்றால் பெயர் தெரியாத வெள்ளைக் காருக்கும் அதே கேள்வியைக் கேட்க வேண்டுமே? லாபி பக்கத்தில் கூரை போட்டு மூன்று மோட்டார் நிறுத்த இடம் விட்டால் நிர்வாகத்துக்கு என்ன நஷ்டம்? கிக் தொழிலாளர் சட்டம் இந்த வாசலுக்குள் வராது. இது நாம் கூட்டம் போட்டு, கை தூக்கி, நாமே எழுதிவைத்த விதி. அந்தக் கூட்டத்தில் நம் ஆட்களும் இருக்கிறார்கள். அவர்களில் பலரின் தாத்தாவும் ஒரு காலத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனவர்தான்.

தமிழில் ஓர் எழுத்து மாறினால் பொருள் மாறிவிடும். இரங்குவது வேறு, இறங்குவது வேறு. 1941இல் அவர்கள் யாரையும் தங்கள்மேல் இரங்கச் சொல்லவில்லை. எங்களை இறங்கச் சொல்லாதீர்கள் என்றுதான் கேட்டார்கள். டெலிவரி தம்பிக்கு மழையில் ஒரு குடை கொடுப்பது இரக்கம். நல்லதுதான், கொடுங்கள். ஆனால் அவன் கேட்டது லாபி வரைக்கும் ஓட்டிக்கொண்டு போக.

நான் பேட்டி எடுக்க வேண்டியவர் இன்னும் வரவில்லை. தம்பி நனைந்துகொண்டு திரும்பி வந்தான். ஐசியை வாங்கிக்கொண்டான். மோட்டார் இருக்கையில் தேங்கியிருந்த தண்ணீரைக் கையால் தள்ளிவிட்டு ஏறினான். நான் கைப்பேசியில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டான்.

"அண்ணே, நீங்க பேப்பர்காரவங்களா?"

ஆமாம் என்றேன்.

"எழுதுறதுன்னா எழுதுங்கண்ணே. என் பேரு, பிளேட் நம்பர் எதுவும் போட்டுறாதீங்க. அக்கவுண்டு போயிடும்."

போடவில்லை, தம்பி. பழிவாங்கக் கூடாது என்று 1941இல் ஒரு கோரிக்கை இருந்தது. அது இன்னும் வந்துசேரவில்லை.